ரிட்பெர்க் அணுவைச் சாதாரண லேசர் இடுக்கியில் பிடிக்க முடியுமா?

ரிட்பெர்க் அணு என்றால், வெளி எலக்ட்ரான் மிக உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்குக் கிளர்ச்சியுற்ற அணு. லேசர் இடுக்கி என்றால், குவித்த லேசர் ஒளியால் அணுவைப் பிடித்து வைக்கும் கருவி. ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுவை வைத்துச் சொல்கிறேன். முடியாது. பிடிக்க வேண்டிய ஒளியே அதை வெளியே தள்ளிவிடும்.

கிளர்ச்சியுறாத ரூபிடியம் அணு, ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலத்துக்குக் குவித்த லேசர் புள்ளியின் பிரகாசமான நடுவில் போய் உட்காரும். அதன் வெளி எலக்ட்ரானை 50-ஆம் ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றிப் பாருங்கள். அணுவின் ஆரம் மட்ட எண்ணின் வர்க்கத்தில் வளரும். கிளர்ச்சியுறாத ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தைப் போல 2,500 மடங்கு, அதாவது சுமார் 130 நானோமீட்டர். அவ்வளவு தூரத்தில் அந்த எலக்ட்ரான் கிட்டத்தட்ட தனித்து அலைவதுபோல் நடந்துகொள்கிறது. தனி எலக்ட்ரானோ வெளிச்சத்தை விட்டு விலகும். அணுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அதனால்தான் பல சோதனைகளில் அணுவைக் கிளர்ச்சியூட்டும் சில மைக்ரோவினாடிகளுக்கு இடுக்கியை அணைத்துவிடுகிறார்கள். அருகருகே உள்ள இரண்டு அணுக்களில் ஒன்று கிளர்ச்சியுற்றால் மற்றது கிளர்ச்சியுற முடியாத 'ரிட்பெர்க் தடை'க்கு அந்த நேரம் போதும். 2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் பிரான்ஸின் பலேசோவிலும் தனித்தனி அணுக்களில் அதைக் காட்டினார்கள். இத்தகைய அணுக்களால் ஆன குவாண்டம் கணினியின் அடிப்படைச் செயல்களான குவாண்டம் வாயில்களுக்கு அதுவே அடிப்படை.

ரிட்பெர்க் அணுவை நீண்ட நேரம் பிடித்து வைக்க வேண்டுமென்றால்? எனக்கு மிகவும் பிடித்த விடை இதுதான்: சுற்றிலும் ஒளி, நடுவில் இருட்டு. 2020-இல் பலேசோ குழு அப்படியொரு ஒளிக்கூண்டில் ரிட்பெர்க் அணுக்களை முப்பரிமாணத்திலும் நிறுத்தியது.

இட்டெர்பியம் என்ற உலோகத்தின் அணுவில் நிலைமை வேறு. அதற்கு வெளி எலக்ட்ரான்கள் இரண்டு. ஒன்று தூரம் போனாலும் மற்றது மையத்தை ஒளியின் பக்கமே இழுக்கும். அங்கே சாதாரண இடுக்கியே போதும்.