பாக்கெங் குன்றில் மேகம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு கம்போடியா போயிருந்தோம். அங்கோரில் சூரியன் மறைவதைப் பார்க்க பாக்கெங் குன்றுதான் சரியான இடம் என்றார்கள். குன்றின் உச்சியில் இருக்கும் பழைய கோயில் மேல் ஒரே சமயத்தில் 300 பேரைத்தான் விடுவார்களாம். நெடுநேரம் வரிசையில் நின்று ஏறினால், மேற்கே முழுக்க மேகம். பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். இடிந்த கோயிலில் நின்று பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? எங்கள் காவிரிப் பாலத்தில் தெரிவதும் அதே சூரியன்தானே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அதே சூரியன்தான். சூரியனுக்காக மட்டும் என்றால் காவிரிப் பாலமே போதும். அந்த வெயில் எந்தக் கல்லில் விழுகிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போக வேண்டும்.

மேகம் இல்லாத மாலையில், நீங்கள் காத்திருந்த குன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அங்கோர் வாட் கோயிலின் மேற்குத் தாழ்வாரத்துக்குள் வெயில் நுழையும். பெரும்பாலான அங்கோர் கோயில்கள் கிழக்கு பார்த்தவை. 12ஆம் நூற்றாண்டில் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய இந்தக் கோயிலோ மேற்கு பார்த்து நிற்கிறது. காலையில் அந்தத் தாழ்வாரம் நிழலில்தான் கிடக்கும். மாலையில் வெயில் தாழ்ந்ததும், தூண்களுக்கு நடுவே புகுந்து உள்சுவர்ச் சிற்பங்களைத் தொடும்.

வாசலுக்குத் தெற்கே குருக்ஷேத்திரம். இடப்பக்கமிருந்து கௌரவர்கள், வலப்பக்கமிருந்து பாண்டவர்கள். ஓரங்களில் வரிசை பிசகாமல் நடந்து வரும் படை, நடுவுக்கு வர வர ஆளோடு ஆள் பின்னிக்கொள்கிறது. அம்புப் படுக்கையில் பீஷ்மர் இருக்கிறார். வடக்கே இலங்கைப் போர்: அனுமன் தோளில் நின்று ராமன் வில் வளைக்கிறான், சிங்கங்கள் பூட்டிய தேரில் ராவணன். நம் பிள்ளைகளுக்குப் பலகை படிக்காமலே புரியும். தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், சோர்வே இருக்காது.

அந்த 300 பேர் கட்டுப்பாட்டில் மட்டும் வருத்தப்படாதீர்கள். பாக்கெங், மன்னன் முதலாம் யசோவர்மன் தன் புதிய தலைநகரின் நடுவில் சிவனுக்கு எடுத்த கோயில். குன்றின் பாறையையே படிப்படியாக வெட்டி, மேலே மணற்கல் போர்த்தியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்து மணற்கல், தினமும் ஆயிரக்கணக்கான செருப்புகளைத் தாங்காது. என்னைக் கேட்டால் 300 பேரே அதிகம்.

அப்புறம், அடுத்த முறை போனால் நான்கு மணிக்கெல்லாம் அங்கோர் வாட்டின் மேற்குத் தாழ்வாரத்தில் இருங்கள், ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். பாக்கெங்கைக் காலையில் பாருங்கள், ஐந்து மணிக்கே திறந்துவிடும்.

அன்புடன்.