எடுத்து மேலே வைத்துப் பாருங்கள்: வடிவியல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இரண்டே விஷயங்களைப் பற்றியவை: சர்வசமப் பலகோணங்கள் (ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் அப்படியே பொருந்துபவை), வட்டத்தின் பாகங்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்கள். கொஞ்சம் பெற்றோர்களும் உண்டு. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 3ஆம் வகுப்பில் சர்வசமத்தை எப்படித் தொடங்குவது? வரையறையை முதலில் எழுதிப்போட்டு, பிறகு உதாரணம் காட்டலாமா?

பதில்: வேண்டாம், வரையறை கடைசியில் வரட்டும். முதல் நாளுக்குத் தாளும் கத்தரிக்கோலும் போதும். தாளை இரண்டாக மடித்து, மடிப்பைத் தொடாமல் ஏதாவது ஒரு பலகோணத்தை வெட்டச் சொல்லுங்கள். இரண்டு துண்டுகள் வரும். ஒன்றை அப்படியே வைத்து, மற்றதைச் சுழற்றிக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "இப்பவும் ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேளுங்கள். தங்கள் கையாலேயே வெட்டியிருந்தும் "இல்லை" என்று சில குழந்தைகள் சொல்வார்கள். அவர்களைத் திருத்த வேண்டாம். எடுத்து மேலே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

குழந்தைகள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957இல் அதை முன்வைத்தார்கள். சிறு குழந்தை வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. பக்கம், கோணம் என்று பிரித்துப் பார்ப்பது அதற்கு அடுத்த நிலை. முதல் நிலையில் நிற்கும் பிள்ளைக்கு வரையறையை மனப்பாடம் செய்ய வைத்தால் வரையறை மட்டும்தான் வரும். வடிவம் வராது.

கேள்வி: பரப்பளவு சமமாக இருந்தால் இரண்டு வடிவங்களும் சர்வசமம்தானே?

பதில்: இல்லை. பக்கம் 4 உள்ள சதுரத்துக்கும், 8க்கு 2 செவ்வகத்துக்கும் பரப்பளவு 16தான். ஒன்றன் மேல் ஒன்று பொருந்துமா?

கேள்வி: பரப்பளவும் சமம், சுற்றளவும் சமம் என்றால்?

பதில்: அப்போதும் இல்லை. கட்டத்தாளில் மூன்று கட்டங்களை வரிசையாக வரைந்து, ஓரக் கட்டத்தின் மேல் நான்காவதை ஒட்டுங்கள். இன்னொன்றில் நான்காவதை நடுக் கட்டத்தின் மேல் ஒட்டுங்கள். இரண்டுக்கும் பரப்பளவு 4, சுற்றளவு 10. ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் மற்றது உட்காராது. 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் இதை வெட்டிப் பார்த்தால் அடுத்த முறை அளவை மட்டும் வைத்து அவசரப்பட்டு முடிவு சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: என் மகள் 4ஆம் வகுப்பு. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருந்த இரண்டு வடிவங்களைச் சர்வசமம் என்று எழுதியிருந்தாள். தவறு என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். கேட்டால் "திருப்பிப் போட்டால் வேறு வடிவம் ஆகிவிடும்" என்கிறார்கள். எது சரி?

பதில்: உங்கள் மகள் எழுதியதுதான் சரி. அந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் பேசுங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, அந்த வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்காக.

இந்தத் தவறு எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வடிவத்தை மூன்று விதமாக அசைத்தால் அதன் அளவு மாறாது. நகர்த்தலாம், சுழற்றலாம், புரட்டிப் போடலாம். மூன்றில் எதைச் செய்தாலும் எந்தப் பக்கமும் நீளாது, எந்தக் கோணமும் விரியாது. முதல் இரண்டை அனுமதித்து மூன்றாவதை மட்டும் தடுப்பதற்கு ஆரம்ப வகுப்பு வடிவியலில் எந்தக் காரணமும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கம் மட்டும் சமமாக உள்ள ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக வெட்டுங்கள். இரண்டு செங்கோண முக்கோணங்கள் வரும். இவை சர்வசமம் என்பதை வைத்துத்தான் உயர்நிலை வகுப்பில் எவ்வளவோ தேற்றங்களை நிறுவுகிறோம். ஆனால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். பெரும்பாலும் ஒன்றைப் புரட்டிப் போடாமல் மற்றதன் மேல் வைக்கவே முடியாது. புரட்டக்கூடாது என்று 4ஆம் வகுப்பில் பழகிய பிள்ளை 9ஆம் வகுப்பில் எதை நம்புவது?

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. செவ்வகத்தை மூலைவிட்டத்தில் மடித்துப் பார்த்து, ஓரங்கள் பொருந்தவில்லை என்பதால் இரண்டு பாதிகளும் சர்வசமம் இல்லை என்று சொல்லிக் கொடுப்பது. மடித்தால் பொருந்தாதுதான், ஏனென்றால் மூலைவிட்டம் செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடு இல்லை. ஆனால் வெட்டி எடுத்து ஒன்றை அரைச்சுற்றுச் சுழற்றினால் கச்சிதமாகப் பொருந்தும். மடிப்பது புரட்டிப் போடுவதற்கு மட்டும்தான் சமம். அதனால் மடித்துப் பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. வெட்டி எடுத்து மேலே வைத்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் இதைப் பேச ஒரு நல்ல வேலை இருக்கிறது. நான்கு சம சதுரங்களை முழுப் பக்கம் முழுப் பக்கத்தோடு ஒட்டும்படி அடுக்கினால் எத்தனை விதமான வடிவங்கள் வரும் என்று கேளுங்கள். புரட்டிப் போட்டதை ஒன்றாகக் கணக்கிட்டால் 5 வடிவங்கள். வேறாகக் கணக்கிட்டால் 7. கூடுதலாக வரும் அந்த இரண்டும் எவை என்று பிள்ளைகள் தேடட்டும். 'ட' போன்ற வடிவமும் அதன் பிம்பமும் ஒரு ஜோடி, படிக்கட்டு போன்ற வடிவமும் அதன் பிம்பமும் இன்னொரு ஜோடி. இந்தத் தேடலை முடித்த வகுப்பில் "திருப்பினால் வேறு வடிவம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பயிற்சித்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா முக்கோணத்தையும் தரையில் படுக்கவைத்தே வரையாதீர்கள். எல்லாச் சதுரத்தையும் நேராகவே நிறுத்தாதீர்கள். 45 பாகை சாய்த்து வரைந்த சதுரத்தை "இது சதுரம் இல்லை" என்று பிள்ளைகள் சொல்வது அவர்கள் குற்றம் இல்லை. வேறு மாதிரி யாரும் காட்டியதே இல்லை.

கேள்வி: இரண்டு நாற்கரங்களின் நான்கு பக்கங்களும் முறையே சமம். கோணங்களை வேறு அளக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். நான்கு சம நீள ஸ்ட்ராக்களுக்குள் நூலைக் கோத்துக் கட்டுங்கள். சதுரமாகப் பிடித்துவிட்டு ஒரு மூலையை மெல்ல அழுத்துங்கள். பக்கம் மாறாமலே சாய்சதுரம் ஆகிவிடும். மூன்று ஸ்ட்ராவில் கட்டினால் அசையாது. முக்கோணத்துக்குப் பக்கங்கள் போதும், நாற்கரத்துக்குப் போதாது என்பதைப் பிள்ளைகள் கையால் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: இணைத்துள்ள படத்திலுள்ள இரண்டு ஐங்கோணங்களும் சர்வசமமா? அவசரம்.

பதில்: படம் இணைக்கப்படவில்லை. இந்த மாதம் மட்டும் இதுபோல் நாலைந்து கடிதங்கள். இன்னும் சிலர் படம் அனுப்புகிறார்கள், அளவுகள் இல்லை. அளவு குறிக்காத படத்தைப் பார்த்துச் சர்வசமமா என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்கள் மாணவர்களாலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கேள்வியை வகுப்பில் கொடுக்கவே கூடாது. அளவைக் குறியுங்கள், அல்லது வெட்டி மேலே வைக்க விடுங்கள். கண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: இரண்டு வட்டங்கள் எப்போது சர்வசமம்?

பதில்: ஆரம் சமமாக இருந்தால். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஆரம், விட்டம், நாண் மூன்றையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். "ஆரம் என்றால் பாதி வட்டம்" என்றுகூட ஒரு பையன் எழுதியிருக்கிறான்.

பதில்: மையத்தைக் குறிக்காமல் ஆரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். மையம் என்ற ஒரு புள்ளி, அதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தது வட்டம். அந்தத் தூரம் ஆரம். இது பதிந்துவிட்டால் மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பையனுக்கு ஒரு வட்டத்தில் பத்துப் பதினைந்து ஆரங்களை வரைந்து ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள். எல்லாம் சமம் என்பதோடு, ஆரம் என்பது ஒரு கோட்டுத்துண்டு, பரப்பு இல்லை என்பதும் புரியும். அடுத்து வட்டத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்து, அதிலிருந்து பல நாண்களை (வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டுகளை) வரைந்து அளக்கட்டும். எது நீளமானது? மையத்தின் வழியாகப் போவது. அதுதான் விட்டம். ஆக, விட்டமும் ஒரு நாண்தான், மிக நீளமான நாண். ஆரம் நாண் இல்லை, ஏனென்றால் அதன் ஒரு முனை மையத்தில் நிற்கிறது.

அப்புறம், தவறான படங்களையும் காட்டுங்கள். மையத்தைத் தொட்டும் தொடாமலும் போகும் நாண், மையத்தில் தொடங்கி விளிம்புக்கு முன்பே நின்றுவிடும் கோடு. "இது ஏன் விட்டம் இல்லை, இது ஏன் ஆரம் இல்லை" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது.

கேள்வி: மூடியைச் சுற்றி வரைந்த வட்டத்துக்கு மையம் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: வெட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி சரிபாதியாக மடியுங்கள். பிரித்து, வேறு திசையில் இன்னொரு முறை மடியுங்கள். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். மடிக்க முடியாத தடித்த அட்டை என்றால், ஒரு தாளின் செங்கோண மூலையை வட்டத்தின் மேல் வையுங்கள். தாளின் இரு ஓரங்களும் வட்டத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளை இணைத்தால் அது விட்டம். வேறொரு இடத்தில் மூலையை வைத்து மறுபடியும் செய்தால் இரண்டு விட்டங்கள் சந்திக்கும் இடம் மையம். தாளின் மூலை வட்டத்தின் மேலேயே இருக்க வேண்டும். உள்ளே தள்ளினால் வராது.

கேள்வி: கவராயம் 3ஆம் வகுப்புக் கைகளுக்குச் சரிப்படவில்லை. கூர்முனை நழுவுகிறது, வட்டம் முட்டை ஆகிறது.

பதில்: கவராயத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். அட்டைப் பட்டையில் 1 செ.மீ. இடைவெளியில் துளைகள் போடுங்கள். ஒரு துளையில் குண்டூசியை ஊன்றி, இன்னொன்றில் பென்சில் முனையைவிட்டுச் சுற்றினால் வட்டம். துளை மாறினால் ஆரம் மாறும், குழந்தை ஆரத்தை எண்ணியே சொல்லிவிடும். நூல் வேண்டாம். இழுபடும், பென்சில் சாயும். கவராயத்தையே பயன்படுத்துவதானால், அடியில் நாலைந்து தாள்களை வையுங்கள், கூர்முனை பிடித்துக்கொள்ளும். கால்களைப் பிடிக்காமல் மேல் குமிழைப் பிடித்துச் சுழற்றப் பழக்குங்கள்.

கேள்வி: வட்டக்கோணப்பகுதிக்கும் வட்டத்துண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: வட்ட விளிம்பின் ஒரு பகுதிதான் வில். இரண்டு ஆரங்களும் ஒரு வில்லும் சூழ்ந்தது வட்டக்கோணப்பகுதி. ஒரு நாணும் ஒரு வில்லும் சூழ்ந்தது வட்டத்துண்டு. வெட்டிய வட்டத்தை மையம் வழியாக இருமுறை மடித்தால் கால் வட்டம், அது முதல் வகை. ஓரத்தை மட்டும் உள்ளே மடித்தால் மடிந்து வரும் பகுதி இரண்டாம் வகை. அரைவட்டம் இரண்டிலும் சேரும், இதைக் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 3ஆம் வகுப்பில் இதெல்லாம் தேவையில்லை.

கேள்வி: வட்டமும் ஒரு பலகோணமா? அதற்கு எண்ணற்ற பக்கங்கள் உண்டு என்று சொல்லலாமா?

பதில்: பலகோணம் இல்லை. பலகோணத்தின் பக்கங்கள் நேர்க்கோட்டுத்துண்டுகள், எண்ணி முடிக்கக்கூடியவை. பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒழுங்குப் பலகோணம் வட்டத்தை நெருங்கும் என்று சொல்லுங்கள். நெருங்குவது வேறு, அதுவாகவே ஆவது வேறு.

கேள்வி: 5ஆம் வகுப்பில் 'பை' வேண்டுமா? 22/7 என்று கொடுத்துவிட்டால் கணக்குப் போட்டுவிடுவார்களே.

பதில்: கணக்குப் போடுவார்கள், எதற்கு என்று தெரியாமல். முதலில் ஒரு வட்டம் வரைந்து, கவராயத்தை மாற்றாமல் அதே ஆரத்தை வட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். சரியாக ஆறாவது முறையில் தொடங்கிய இடத்துக்கு வந்து நிற்கும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஒழுங்கு அறுங்கோணம். அதன் சுற்றளவு 6 ஆரம், அதாவது 3 விட்டம். வட்டம் அறுங்கோணத்துக்கு வெளியே வளைந்து போகிறது. ஆகவே அதன் சுற்றளவு 3 விட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் 'பை'யின் கதை. சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே 'பை'. பழைய கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் உள்ள பலகோணம் வரை போய், 'பை' 3 10/71க்கும் 3 1/7க்கும் இடையில் இருக்கிறது என்று காட்டினார். 22/7 என்பது அந்த மேல் எல்லைதான், சரியான மதிப்பு இல்லை.

பிள்ளைகள் வட்ட விளிம்பைச் சுற்றிக் காகிதப் பட்டையை வைத்து அளந்து, அதை விட்டத்தால் வகுத்தால் 3.1, 3.2 என்று வரும். வரட்டும். 3.14 வரவில்லை என்று எண்ணைத் திருத்த வைக்காதீர்கள். அளந்ததை அளந்தபடி எழுதுவதுதான் பாடம்.

கேள்வி: சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது?

பதில்: மூன்று சதுரங்களாலான 'ட' வடிவத்தைக் கொடுத்து, அதை நான்கு சர்வசமத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் ஒவ்வொரு சதுரத்தையும் நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். 12 சிறு கட்டங்கள், துண்டுக்கு 3. ஒவ்வொரு துண்டும் சின்ன 'ட' ஆகவே வரும், சிலவற்றைச் சுழற்ற வேண்டியிருக்கும். முடித்ததும் நான்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.