வாசகர் கேள்வி – பதில்: நூலக அறையில் ஒரு சர்வர்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் ஏறத்தாழ 18 ஆயிரம் நூல்கள் இருக்கின்றன. கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாற நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் சர்வர் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. கணினி ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்த ஒரு கணினியைத் தருகிறோம் என்கிறார்கள். அதில் ஓடுமா? எங்கிருந்து தொடங்குவது?
– நூலகர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஓடும். கோஹா பிறந்ததே உங்களைப் போன்ற ஒரு நூலகத்தின் தேவையிலிருந்துதான். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற பகுதியின் நூலக அறக்கட்டளை, 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தன் பழைய மென்பொருள் தேதிகளைக் கையாளாது என்று அறிந்ததும், விலை கொடுத்து இன்னொன்றை வாங்காமல், கட்டிபோ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு 1999-இல் புதிதாக எழுதச் செய்தது. 2000 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள்.

கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் உங்கள் நூலகத்துக்குப் போதுமானது. ஆனால் அதிலுள்ள பழைய வன்தட்டை நம்ப வேண்டாம். அதைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்துங்கள். நிர்வாகத்திடம் வாதாடிப் பணம் வாங்க வேண்டிய பொருள்கள் இரண்டே: இந்த எஸ்எஸ்டியும், ஒரு யூ.பி.எஸ்ஸும். யூ.பி.எஸ்ஸிலிருந்து கணினிக்கு யூஎஸ்பி கம்பி செல்லும் வகையாகப் பார்த்து வாங்கினால், நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் பேட்டரி தீரும் நிலையை உணர்ந்து, தரவுத்தளத்தை முறையாக மூடிக் கணினியை நிறுத்திவிடும்.

இயங்குதளமாக, லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியனின் நிலையான பதிப்பை, வரைகலைத் திரை எதுவும் இல்லாமல் நிறுவுங்கள். கோஹா குழுவினர் டெபியனுக்கென்றே மென்பொருள் தொகுப்புகளை வெளியிடுவதால், அவர்களுடைய களஞ்சியத்தைச் சேர்த்தபின் கோஹாவையும், மரியாடிபி தரவுத்தளத்தையும், அப்பாச்சி என்ற இணைய சர்வர் நிரலையும் சில கட்டளைகளில் நிறுவிவிடலாம். ஒவ்வொரு நிலையான பதிப்புக்கும் நீட்டிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஆண்டுக்கொரு முறை புதுப் பதிப்புக்கு ஓட வேண்டிய தேவை நூலகத்துக்கு இல்லை.

நிறுவுவது ஒரு பகல் வேலை. அதற்குப் பிறகு வரும் இரண்டு சிக்கல்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல நூலகங்கள் இவற்றில்தான் சோர்ந்துபோகின்றன.

முதலாவது, கடிகாரம். டெபியனில் தினசரி வேலைகள் காலை 6:25 மணிக்குத் தொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. கோஹாவின் தினசரி பேக்கப்பும், தாமதக் கட்டணக் கணக்கும் அந்த வரிசையில்தான் வருகின்றன. மாலையில் நூலகத்தைப் பூட்டும்போது மின் இணைப்பை அணைத்துவிட்டு, மறுநாள் 9 மணிக்குக் கணினியைப் போடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அந்த வேலைகள் ஒருநாளும் ஓடாது. ஓடவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். சர்வரை இரவும் பகலும் ஓட விடுங்கள். அது இயலாதென்றால் அனாக்ரான் என்ற சிறு நிரலை நிறுவுங்கள். தவறவிட்ட தினசரி வேலைகளைக் கணினி எழுந்தபின் அது செய்து முடிக்கும்.

இரண்டாவது, தமிழ்த் தேடல். கோஹா தேடலுக்கு ஜீப்ரா என்ற அட்டவணை நிரலைப் பயன்படுத்துகிறது. இலத்தீன் எழுத்துகளை மனத்தில் கொண்ட அதன் இயல்பான அமைப்பில் விட்டுவிட்டால், நூற்பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் தமிழ்த் தலைப்பு தேடலில் அகப்படாமல் போகலாம். அட்டவணை அமைப்பை, உலக மொழிகளின் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, அட்டவணை முழுவதையும் ஒருமுறை மறுபடி கட்ட வேண்டும். 18 ஆயிரம் பதிவுகளையும் ஏற்றிய பிறகு இதைத் தேடிக் கொண்டிருக்காதீர்கள். முதல் பத்துத் தமிழ் நூல்களை ஏற்றியதுமே, உயிர்மெய் எழுத்துகள் நிறைந்த தலைப்புகளாகப் பார்த்துத் தேடிச் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் இணையதளத்துக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழைப் போட்டோம். சரியாக மூன்று மாதம் கழித்து, தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. யாராவது ஊடுருவியிருப்பார்களா?
– ஆசிரியை ஒருவர், தென்காசி

பதில்: ஊடுருவல் அன்று, சான்றிதழின் 90 நாள் ஆயுள் முடிந்திருக்கிறது. சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் நிரல் அதைத் தானாகவே புதுப்பித்திருக்க வேண்டும். பெரும்பாலும், சான்றிதழ் வாங்கியபின் யாரோ பாதுகாப்பு கருதி 80-ஆம் எண் போர்ட்டை (இணையத் தொடர்புக்கான வாயிலை), வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் மூடியிருப்பார்கள். வழக்கமான சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் வருகிறது. அதைத் திறந்துவிட்டு, செர்ட்பாட்டின் ஒத்திகைக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே நாட்காட்டியில் நீங்களே குறித்து வைக்க வேண்டும்.

கேள்வி: வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்தேன். மறுநாள் பதிவேட்டைத் திறந்தால், ரூட் என்றும் அட்மின் என்றும் பெயர் கொடுத்து ஆயிரக்கணக்கான நுழைவு முயற்சிகள் தோற்றிருக்கின்றன. என்னைக் குறிவைப்பவர் யார்?
– கணினி அறிவியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்களை யாரும் குறிவைக்கவில்லை. இணையத்திலுள்ள ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓய்வின்றி ஓடுகின்றன. 22-ஆம் போர்ட்டில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் பதில் தந்தால் எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். பயப்படத் தேவையில்லை, ஆனால் கடவுச்சொல்லால் நுழையும் வழியை இன்றே அடைத்துவிட வேண்டும். உங்கள் கணினியில் ஒரு சாவி இணையை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும், ஒன்றோடொன்று பொருந்தும் இரு கோப்புகளை) உருவாக்கி, அதன் பொதுச்சாவியை சர்வரில் வைத்து, சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கடவுச்சொல் முறையையும் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரின் நேரடி நுழைவையும் நிறுத்துங்கள். ஃபெயில்டுபேன் போன்ற நிரல்கள் தோற்கும் முகவரிகளைச் சிறிது நேரம் தடுத்து வைத்து, பதிவேட்டில் இத்தகைய பதிவுகள் குவிவதைக் குறைக்கும். ஆனால் காவல் என்பது சாவிதான்.

இந்த வேலையைச் செய்யும்போது ஒரு விதியை மீறாதீர்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் முனையத்தை (கட்டளைச் சாளரத்தை) மூடாமல், பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து அதில் நுழைந்து பாருங்கள். புதியதில் நுழைய முடிந்தால்தான் பழையதை மூட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஒரு பள்ளியின் சர்வரில், எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி தரும் விதியை எழுதாமலேயே வீட்டிலிருந்தபடி ஃபயர்வாலை இயக்கிவிட்டேன். இருந்த இணைப்பை மூடியபின் மறுபடி நுழைய வழியில்லை. அது சனிக்கிழமை மாலை. திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் போய், விசைப்பலகையை நேரில் மாட்டித் திருத்தும்வரை அந்தப் பள்ளிக்கு வெளியிலிருந்து உதவ என்னால் முடியவில்லை. வாடகை சர்வர் என்பதால், எஸ்எஸ்எச் இல்லாமலே உள்ளே போக உதவும் கன்சோல் வசதி உங்கள் கணக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா ஓராண்டாக ஓடுகிறது. தினமும் பேக்கப் எடுக்கப்படுகிறது என்று நிறுவிக் கொடுத்தவர் சொன்னார். அதற்கு மேல் நான் ஏதேனும் செய்ய வேண்டுமா?
– நூலக உதவியாளர், தஞ்சாவூர்

பதில்: செய்ய வேண்டும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நான் மிகவும் கவலைப்படுவது இந்தக் கேள்வியைக் குறித்துத்தான். கோஹாவின் இயல்பான அமைப்பு பேக்கப் எடுப்பது உண்மை. ஆனால் அந்தக் கோப்புகள் அதே கணினியின் அதே வட்டில் எழுதப்படுகின்றன; இரண்டு நாள் நகல்கள் மட்டுமே வைக்கப்பட்டு, பழையவை அழிக்கப்படுகின்றன. வட்டு கெட்டால் தரவும் நகலும் சேர்ந்தே போகும். வெள்ளிக்கிழமை யாரோ தவறுதலாக அழித்த பதிவுகளைத் திங்கட்கிழமை கவனித்தால், சரியான நகல் அழிந்துபோயிருக்கும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னிரவில் களைப்போடு வேலை பார்த்த ஒரு பொறியாளர், துணைத் தரவுத்தளக் கணினி என்று நினைத்து முதன்மைக் கணினியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் எஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால், 9.6 பதிப்பில் ஓடிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை 9.2 பதிப்பின் கருவி படிக்க முயன்று நீண்ட நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைத் தெரிவித்த மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் நிராகரித்திருந்தது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இவை அனைத்தையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள்; அந்த நேர்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தேவையானவை இரண்டு வெளிவட்டுகள். தினசரி நகல்கள் அழியும் முன்பே ஆர்சிங்க் நிரலால் ஒரு வட்டுக்கு நகலெடுக்கும்படி அமைத்து, வாரத்துக்கொரு முறை வட்டுகளை மாற்றி, கழற்றியதை முதல்வர் அறை அலமாரியில் வையுங்கள். அதில் மாணவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருப்பதால் வட்டைக் குறியாக்கம் செய்வதும், அந்தக் கடவுச்சொல்லை இருவராவது அறிந்திருப்பதும் அவசியம்.

அதன் பிறகு, மீட்டுப் பாருங்கள். கடைசியாக பேக்கப் ஓடுவதற்கு முன் இரவல் போன நூலின் பெயரையும், அதை எடுத்த உறுப்பினரின் பெயரையும், மொத்த நூல்களின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு கணினியில் டெபியனையும் கோஹாவின் அதே பதிப்பையும் அமைத்து, இணையத்தைத் துண்டித்தபின் வெளிவட்டிலுள்ள நகலை மீட்டு, அட்டவணையை மறுபடி கட்டுங்கள். தாளில் எழுதிய நூல், தாளில் எழுதிய உறுப்பினரின் கணக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. இணையத்தைத் துண்டிக்கச் சொல்வதற்குக் காரணம், அந்த ஒத்திகைக் கணினி உயிர்பெற்றதும் உண்மையான உறுப்பினர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல்களை அனுப்பிவிடக்கூடும் என்பதே. களஞ்சியத்திலிருந்து தொகுப்புகளை இறக்கிய பிறகு, நகலை மீட்பதற்கு முன் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

முதல் ஒத்திகைக்கு ஒரு முழுப் பகல் ஆகும். கல்லூரி விடுமுறை நாளாகப் பார்த்து ஒதுக்குங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்பதை ஒரு நோட்டில் படிப்படியாக எழுதி, அந்த நோட்டை வட்டோடு சேர்த்தே அலமாரியில் வையுங்கள்.