வேன் எட்டு மணிக்கு, பாப்பாவை எங்கே விடுவது?

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை, காலை எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். பெண்ணுக்கு இரண்டே கால் வயசு. பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு இப்போது முடியவில்லை. பிளே ஸ்கூலில் கேட்கும் பணம் சம்பளத்தில் கால்வாசி. வேலையை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: அவசரப்பட்டு விட்டுவிடாதீங்க. முதலில் உங்கள் தெரு அங்கன்வாடியில் போய்க் கேளுங்கள். இரண்டு வயது முடிந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள், காசு கிடையாது; மதியச் சாப்பாடு, முட்டை, கூடவே பாட்டும் விளையாட்டுமாகக் கொஞ்சம் படிப்பும் உண்டு. இதை 'சோறு போடுற இடம்' என்று மட்டும் நினைப்பவர்கள் நம் பக்கம் நிறைய பேர், அது தப்பு. ஆனால் உங்கள் ஷிப்ட் முடிகிற வரை திறந்திருக்காது, அதுதான் சிக்கல்.

சரி, கம்பெனியில் கேட்டீர்களா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017லேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம், ஓய்வு நேரமும் அதில் சேர்த்தி. அதற்கு முன்பே, 1948 தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. ஆம்பூர், ராணிப்பேட்டை வரைக்கும் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள்தானே! தனியாகப் போய் நிற்காமல், கைக்குழந்தை உள்ள நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அந்த நகலோடு போங்கள்.