தலையில் மாட்டும் பட்டைக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 27 வருடம் உளவியல் சோதனைகள் நடத்தி ஓய்வுபெற்ற உளவியலாளர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். தலையில் மாட்டினால் லேசாகக் கரண்ட் கொடுத்துக் கவனத்தைக் கூட்டும் பட்டை ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு வருகிறது. பெட்டியில் 'எஃப்.டி.ஏ. ரிஜிஸ்டர்டு' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? – ஒரு தாய், நாமக்கல்

வேண்டாம் அம்மா. 'ரிஜிஸ்டர்டு' என்றால் கம்பெனி தன் பெயரையும் சரக்கையும் எஃப்.டி.ஏ. என்கிற அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலில் ஏற்றியிருக்கிறது, அவ்வளவுதான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவரெல்லாம் எம்.எல்.ஏ. இல்லையே.

இந்தப் பட்டைகளில் பாய்வது பெரும்பாலும் 1 முதல் 2 மில்லி ஆம்பியர். ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும் என்பதால் ஆளாளுக்குச் செய்து விற்கிறார்கள். ஆனால் கரண்ட் பட்டைக்கு நேர் கீழேயே நின்றுவிடாது, சுற்றிலும் பரவும். ஒரு திறமை கூடினால் இன்னொன்று குறையவும் வாய்ப்புண்டு. இதை ஆராய்கிற நரம்பியல் விஞ்ஞானிகளே, வீட்டில் தானாகச் செய்துகொள்கிறவர்களை எச்சரித்து 2016ல் 'அனல்ஸ் ஆஃப் நியூராலஜி' இதழில் திறந்த மடல் எழுதினார்கள். உங்கள் பையனின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற மூளை.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டுச் சரக்கென்றால் லேபிளில் இறக்குமதி லைசென்ஸ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கணும். ஓட்டை எங்கே என்றால், ஒரு பொருள் மருத்துவக் கருவியா இல்லையா என்பது, விற்பவர் அதை எதற்கென்று சொல்லி விற்கிறார் என்பதைப் பொறுத்தது. 'டிப்ரஷன் குணமாகும்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வார். 'கவனம்', 'வெல்னஸ்' என்று எழுதி நழுவப் பார்க்கிறார். ஐரோப்பிய யூனியன் இந்த ஓட்டையை 2022 டிசம்பரில் அடைத்தது: மூளையைத் தூண்டும் கருவி என்றால், மருத்துவத்துக்கு இல்லை என்று சொல்லி விற்றாலும் அது மூன்றாம் வகுப்பு, அதாவது ஆபத்து அதிகமென்று கட்டுப்பாடும் அதிகமான வகுப்பு. செயற்கை இதய வால்வு இருக்கிற அதே வகுப்பு.

பையன் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை.

ஞாபகசக்தி முகாம் ஒன்றில் என் அப்பாவை (71, விவசாயி) டேப்லெட்டில் 15 நிமிடம் சோதித்து, 'நினைவாற்றல் 38 சதவீதம்' என்று பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். கூடவே மூளைப் பயிற்சி ஆப்புக்குச் சந்தா கட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. – வாசகர், உடுமலை

இதே மாதிரி ஒரு பெரியவரை என்னிடம் கூட்டிவந்தார்கள். அவரும் வெள்ளாமைக்காரர்தான். திரையில் பச்சைக் கட்டம் வந்ததும் தொடணும். தொட்டார். திரை அசையவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டார். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல், ஈரப்பசையே இல்லை. டச் ஸ்கிரீனுக்கு அப்படி ஒரு விரல் இருப்பதே தெரியவில்லை. கம்ப்யூட்டரோ அவர் தாமதித்ததாக மில்லி செகண்ட் கணக்கில் குறித்துக்கொண்டே போனது. ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டேன், அப்புறம் தொட்டதெல்லாம் பட்டது. அடுத்து ஒரு பியானோ படம், கீழே நான்கு பெயர்கள். அவர் தேடியது ஆர்மோனியத்தை.

மெஷினை மூடிவைத்துவிட்டு, போன மாதம் வாய்க்காலில் யார் யாருக்கு என்றைக்கு முறைத்தண்ணி என்று கேட்டேன். ஒன்பது பேரையும் வரிசை தப்பாமல் சொன்னார்.

அதற்காக உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த 38ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது என்கிறேன். யாரோடு ஒப்பிட்டு 38? எந்த வயது, எத்தனை வகுப்பு படித்தவர்கள், என்ன மொழி? தலையில் அடிபட்டவர்களுக்கான 'இம்பாக்ட்' என்ற கம்ப்யூட்டர் சோதனைக்கு எஃப்.டி.ஏ. 2016ல் அனுமதி கொடுத்தபோது, 12 முதல் 59 வயது வரை என்று வரம்பு கட்டியது. இதை மட்டும் வைத்து மூளை அதிர்ச்சி இருக்கிறது, இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்றும் சொன்னது. அனுமதி என்றால் அப்படித்தான் இருக்கும்: இன்னாருக்கு, இன்னதற்கு. முகாம்காரர்களிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

சந்தா கட்டாதீர்கள். 'லுமோசிட்டி' விளையாட்டு வயதானவர்களின் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக, அதன் கம்பெனி 2016ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 20 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. அப்பாவுக்கு முதலில் கண், காது, தைராய்டு, பி12 பாருங்கள். பேச்சு குறைந்துவிட்டது என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பிரின்டைக் கொண்டுபோக வேண்டாம்.

ஷாக் ட்ரீட்மென்ட் இப்போது தடை செய்யப்பட்டதுதானே? – வாசகர், கடலூர்

இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் கரண்ட் வைப்பதைத்தான் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95 தடுக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். கடுமையான மனச்சோர்வில் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவர்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். சினிமாவில் காட்டுவதை மறந்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் மாணவர்களின் கவனத்தை அளக்கத் தலைப்பட்டை வாங்கப் போகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. – ஓர் ஆசிரியை

எனக்கும் ஒப்பவில்லை டீச்சர். இது கரண்ட் கொடுப்பதல்ல, மூளை அலையைப் படிப்பது. சீனாவில் ஜின்ஹுவா நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மாட்டிப் பார்த்தார்கள். கவனம் இருந்தால் நெற்றியில் சிவப்பு விளக்கு, சிதறினால் நீலம், தகவல் பெற்றோருக்கும் போகும். 2019ல் செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அந்த அலை கலங்கும். சிமிட்டாத பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது?

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவருக்கே சம்மதம் இல்லாமல் மூளைச் சோதனை செய்யக் கூடாது என்றது. உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? தகவல் எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும், மாட்ட மறுக்கிற பிள்ளை எங்கே உட்காரும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், அடுத்த நிர்வாகக் கமிட்டி கூட்டத்தில் கரெஸ்பாண்டென்ட் தலையில் ஒன்றை மாட்டி, வரவு செலவு வாசிக்கும்போது என்ன நிறம் எரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.