அப்பத்தாவோடு சிங்கப்பூர் கப்பல்: அன்றைக்கே விமானமா?

அண்ணே, கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் காரைக்குடியிலிருந்து திருச்சி போய் விமானம் ஏறினால் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பலைப் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, கிளம்புவதற்கு வெகு முன்பே ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், பணமும் அநேகமாகத் திரும்பாது. முந்தின நாளே போய்த் தங்குங்கள். அப்புறம், கப்பலில் மலேசியாவின் பினாங்கு பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புவதால் சிங்கப்பூர் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரை கைப்பையில்தான் இருக்கவேண்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கிற பெட்டி அறைக்கு வந்துசேர இரவாகிவிடலாம். அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. சீப்புச் சீடை டப்பாவெல்லாம் வேண்டாம், வீட்டுப் பலகாரத்தைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள் (அதை அப்பத்தாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்). கடலில் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், கப்பல் நெட்வொர்க்கின் ரோமிங் பில் பயங்கரமாக வரும்.