எஃப்டிபி: லாகின் ஆகிறது, ஃபோல்டர் பட்டியல் மட்டும் வரவில்லை

வணக்கம் நண்பரே. வீட்டுக் கணினியில் எஃப்டிபி சர்வர் (ஃபைல்களை அனுப்பி வாங்கும் மென்பொருள்) வைத்து, ரவுட்டரில் போர்ட் 21 திறந்தும், வெளியிலிருந்து லாகின் ஆகி, பட்டியல் வராமல் தொங்குகிறது என்றால் பாஸ்வேர்டில் குறையில்லை. எஃப்டிபிக்கு இரண்டு இணைப்பு வேண்டும். 21 வழியே கட்டளை மட்டும்தான் போகும். பட்டியலும் ஃபைலும் தனி போர்ட்டில் வரும்.

நீங்கள் ஒட்டிய லாகில் (பதிவில்) 227 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள், பட்டியலுக்கு எங்கே வர வேண்டும் என்று சர்வர் சொல்லும் பதில் அது: (192,168,1,10,195,80). முதல் நான்கும் முகவரி. போர்ட், 195 × 256 + 80, அதாவது 50000. வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரியை வெளியாளிடம் கொடுத்தால் அவர் எங்கே போவார்?

ஃபைல்ஜில்லா சர்வரின் பாசிவ் மோட் (அந்தத் தனி போர்ட்டை சர்வரே சொல்லும் முறை) அமைப்பில் உங்கள் பொது ஐபியை (இணையத்தில் தெரியும் முகவரியை) போட்டு, போர்ட் வரம்பை 50000–50100 என்று குறுக்குங்கள். அதே வரம்பை ரவுட்டரில் சர்வர் இருக்கும் கணினிக்கு, அதாவது 192.168.1.10க்குத் திருப்பி விடுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலிலும் அனுமதிக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சில ரவுட்டர்கள் அந்த 227 வரியைத் தாங்களே திருத்தும். டிஎல்எஸ் (மறையாக்கம்) போட்டால் ரவுட்டரால் அந்த வரியைப் படிக்க முடியாது, ஆகவே அந்தத் திருத்தத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம், சோதனையை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள், வீட்டு வைஃபையில் வேண்டாம். ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127க்குள் இருந்தால் அது பொது ஐபி அல்ல, மேலே சொன்ன எதுவும் பலிக்காது. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள்.

உங்களுக்கு மட்டும்தான் என்றால் எஸ்எஃப்டிபிக்கு (மறையாக்கத்தோடு ஃபைல் அனுப்பும் வேறொரு முறைக்கு) மாறிவிடுங்கள். ஒரே போர்ட், 22.